மாடி வீட்டு மூட்டைப்பூச்சியும் நான் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்காரர்கள் அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதைப் பற்றி வாசகர் கடிதங்கள் அடிக்கடி வருகின்றன. எழுதுகிறவர்கள் எல்லாரும் குடியிருப்பவர்கள். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதி நான் படித்ததில்லை. நான் வீட்டுக்காரி. சென்ற ஆண்டு என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் 1986-ல் என் கணவரும் நானும் கடன் வாங்கிக் கட்டிய வீடு. கீழே நான் இருக்கிறேன். மாடியில் ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை கொண்ட ஒரு போர்ஷன். தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. பென்ஷனோடு மாடி வாடகை 15,000 ரூபாயும் வந்தால்தான் மருந்து, சொத்து வரி, வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம் எல்லாம் போக மாசக் கடைசியில் கையில் ஏதாவது நிற்கும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், வாடகை நின்றுவிடுமோ என்கிற பயத்தில்தான் பேசக்கூடாததையெல்லாம் பேசினேன்.

சென்ற ஆண்டு தை பிறந்ததும் ஒரு குடும்பம் குடி வந்தது. அவருக்கு அச்சகத்தில் வேலை. மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை, அவருடைய அம்மா. அட்வான்ஸ் 75,000 வாங்கினேன். பதினொரு மாத அக்ரிமென்ட். காலத்துக்கு முன்னால் காலி செய்தால் ஒரு மாத வாடகை, வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம் என்று, டைப் அடிக்கும் கடையில் வைத்திருந்த பழைய மாதிரியிலேயே இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன், அவர்களும் போட்டார்கள்.

வைகாசி கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். குழந்தையின் கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வரிசையாகத் தடிப்பு, புள்ளிக்கோலம் போட்ட மாதிரி. கொசுக்கடி என்று டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார். பத்து நாளாகியும் புதிது புதிதாகத் தடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் கையில் ஒரு தலையணை உறை. அதை விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். தையல் ஓரமாக, மை பேனாவால் குத்திக் குத்தி வைத்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள். "அம்மா, இது மூட்டைப்பூச்சி எச்சம்னு எங்க அத்தை சொல்றாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல இந்த வீட்ல இருக்கேன்மா, ஒரு பூச்சி பார்த்ததில்ல. நீங்க வர்றப்ப கொண்டு வந்த சாமான்ல பாருங்க" என்றேன். அவள் எதுவும் சொல்லாமல் உறையை மடித்துக்கொண்டு மாடி ஏறினாள். அந்த வார்த்தையைத்தான் இன்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2009-ல் எங்கள் வாசல் நிலையைக் கரையான் அரித்தது. அப்போது யாரோடும் வாக்குவாதம் வரவில்லை. நிலை என்னுடையது, சுவர் என்னுடையது, ஆளைக் கூப்பிட்டுத் துளை போட்டு மருந்து விட்டேன், முடிந்தது. மூட்டைப்பூச்சி அப்படி இல்லை. அது படுக்கையில் இருக்கிறது, படுக்கை குடியிருப்பவருடையது, அதனால் குற்றமும் அவருடையது என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. கூடவே ஒரு அசிங்கமும் ஒட்டிக்கொள்கிறது, சுத்தமில்லாத வீட்டில்தான் வரும் என்று. அந்தப் பெண்ணைப் போலச் சுத்தமாக வீடு வைத்திருந்தவர்களை நான் பார்த்ததில்லை. மூட்டைப்பூச்சிக்கு வேண்டியது மனித ரத்தமும் ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கும்தான். வீடு பெருக்கித் துடைத்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

அடுத்த மூன்று வாரம் அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டார்கள். வெயில் படும் பக்கத்திலிருந்து பூச்சி அடிப்பக்கத்து நிழலுக்கு நகர்ந்துகொள்ளும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. கடையில் விற்கும் ஸ்பிரே வாங்கி அடித்தார்கள். நாலு நாள் அடங்கியிருந்தது, பிறகு ஹாலில் படுத்திருந்த பாட்டியையும் கடிக்க ஆரம்பித்தது. அந்த மருந்துகளுக்குப் பல இடங்களில் பூச்சி பழகிப்போய்விட்டதாம். சாகாமல் அடுத்த அறைக்குச் சிதறுவதும் உண்டாம்.

இந்தச் சமயத்தில்தான் அச்சகத்தில் அவரோடு வேலை பார்க்கும் ஒருவர், தானிய மூட்டைக்குள் வைக்கும் மாத்திரை இரண்டை அறையில் வைத்து ஒரு ராத்திரி கதவைச் சாத்திவிட்டால் பூண்டோடு போய்விடும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். நல்ல வேளையாக அவர் என்னிடம் வந்து, "வைக்கலாமாம்மா?" என்று கேட்டார். எனக்குக் குன்றத்தூர் ஞாபகம் வந்தது. 2024 நவம்பரில் வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோன செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. "குழந்தை இருக்கிற வீடு, வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தானிய மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. ஈரக் காற்று பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும், அந்த விஷத்தை முறிக்க மருந்தே கிடையாது. கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒரு மாத்திரையை வீட்டில் வைத்திருந்தால், வீட்டுக்காரரோ குடியிருப்பவரோ, தயவுசெய்து அதை எந்த அறைக்குள்ளும் வைக்காதீர்கள்.

ஆனி மாதம் பிறந்து கொஞ்ச நாளில் அவர் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். காலி செய்கிறோம் என்று இருந்தது. வேறு வீடு பார்த்துவிட்டார்களாம், ஆடியிலேயே போகிறார்களாம். நம் ஊரில் ஆடியில் வீடு மாறுவார்களா? பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கிற குடும்பம் அது. பாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் பூஜை செய்கிறவர். அவர்கள் ஆடி என்றும் பார்க்காமல் கிளம்புகிறார்கள் என்றால் அந்தக் குழந்தை ராத்திரியில் எவ்வளவு அழுதிருக்கும் என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது 30,000 ரூபாயைப் பற்றி. அக்ரிமென்ட்டைக் காட்டி, "ரெண்டு மாச வாடகை பிடிச்சுட்டுத்தான் மீதி" என்றேன். ஆடியில் காலியானால் ஆவணி வரைக்கும் யாரும் வீடு பார்க்க வரமாட்டார்களே என்கிற கவலை வேறு.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "சரிம்மா, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆள் வச்சுப் பார்த்துடலாமா? எங்க சாமான்லேர்ந்துதான் வந்துச்சுன்னா நீங்க சொல்ற பணத்தைப் பிடிச்சுக்குங்க." அதில் நியாயம் இருந்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன் கீழ் உரிமம் வைத்திருக்கிற ஓர் ஆளை விசாரித்துக் கூப்பிட்டேன்.

வந்தவர் மருந்து டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய விசிட்டிங் கார்டு ஒன்று, அவ்வளவுதான். மெத்தை, தலையணை, துணி அலமாரி எல்லாவற்றையும் பார்த்தார். அங்கொன்று இங்கொன்றாக இருந்தது. பிறகு மாடிப் படுக்கையறையில் இருக்கும் தேக்குக் கட்டிலுக்கு வந்தார்.

அது என்னுடைய கட்டில். என் கல்யாணச் சீராக அப்பா செய்து அனுப்பியது. நாலு ஆள் இல்லாமல் நகர்த்த முடியாது என்பதால் மாடியிலேயே விட்டுவைத்து, வருகிற குடித்தனக்காரர்கள் உபயோகித்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். தலைமாட்டுச் சட்டமும் காலும் சேரும் இடத்தில் இருந்த போல்ட்டை அவர் கழற்றினார். விசிட்டிங் கார்டை அந்த இடுக்கில் விட்டு மெதுவாக இழுத்தார். கீழே விரித்திருந்த வெள்ளைத் தாளில் கொட்டியதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கொள்ளுப் பயறு அளவில், கொள்ளின் நிறத்திலேயே, தட்டையாக ஏழெட்டுப் பூச்சிகள் ஓடின. அவற்றைவிட அதிகமாக இருந்தது வெறும் தோல், வெங்காயச் சருகு மாதிரி ஒளி ஊடுருவும் தோல், ஒரு கரண்டி அளவுக்கு. இடுக்கின் உள்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் குருணை போல ஒட்டிக்கொண்டிருந்தவை முட்டைகள்.

"அம்மா, இந்தப் பூச்சி பெருசாகறதுக்குள்ள அஞ்சு தடவை தோல் உரிக்கும். இவ்வளவு தோல் சேர்ந்திருக்குன்னா அஞ்சு மாசத்து வேலை இல்ல. வருஷத்துக்கு மேல ஆயிருக்கும்" என்றார்.

குடும்பம் குடி வந்து ஐந்தரை மாதம்தான் ஆகியிருந்தது.

அதோடு நிற்கவில்லை. கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றினார், அதற்குள்ளும் இருந்தது. அந்த ஒயர் போகும் குழாய் நேராகக் கீழே என் படுக்கையறைக்குத்தான் இறங்குகிறது. "உங்க ரூமையும் பார்த்துடலாம்மா" என்றார். எனக்கு ஒரு கடியும் இல்லையே என்றேன். என் மெத்தையின் தையலை விரலால் பிரித்தார். அங்கேயும் அதே மைப் புள்ளிகள். வயதானவர்களில் நிறையப் பேருக்கு இந்தப் பூச்சி கடித்தாலும் தடிக்காதாம், அரிக்காதாம். குழந்தையின் கையில் வரிசையாக எழும்பியது என் உடம்பில் எழும்பவில்லை, அவ்வளவுதான். ராத்திரி முழுக்க என்னையும் கடித்துக்கொண்டிருந்த பூச்சியை அடுத்தவர் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொண்டு கீழே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதன்முதலில் எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டேன். பஸ் சீட்டு, ரயில் பெர்த், வாங்கி வந்த பழைய சோபா, விருந்தாளியின் பை, எதில் வேண்டுமானாலும் வந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார். யார் கொண்டுவந்தது என்று தேடுவதில் மூன்று வாரத்தை வீணாக்கினேன். அந்த மூன்று வாரத்தில் அது மாடி ஹாலுக்கும் பரவிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முன் மாடியில் இருந்த இரண்டு பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். எட்டே மாதத்தில் காலி செய்து போனவர்கள். கட்டிலில் படுக்காமல் ஹாலில் பாய் விரித்துப் படுப்பார்கள். அவர்களிடமும் ஒரு மாத வாடகை, அப்போது 13,000, பிடித்திருந்தேன். மறுநாள் அதில் ஒரு பையனுக்குப் போன் செய்து கேட்டேன். "கட்டில்ல பூச்சி கடிக்குதுன்னு சொன்னோமே ஆன்ட்டி, நீங்க கொசுவர்த்தி வச்சுக்கச் சொன்னீங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

இதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வழக்கறிஞர் நகல் கொடுத்தார். தமிழ்நாட்டில் 1960-ம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், வீட்டுக்கு வாங்கும் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. நான் வாங்கியது ஐந்து மாதம். சென்னையில் பத்து மாதம் வாங்குவதுதான் வழக்கம் என்பதால் ஐந்து வாங்கியதையே பெரிய மனசாக நினைத்துக்கொண்டிருந்தேன். காலி செய்து ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிப்பது யார் செலவு என்பதும் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அது வீட்டுக்காரர் செலவு. டைப் அடிக்கும் கடை மாதிரியில் இருக்கும் "வெள்ளையடிக்க ஒரு மாதம்" என்கிற ஒரே வரியால் இந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை ஆயிரத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள்!

அந்த அட்டவணையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் வேலை, பைப் மாற்றுவது வீட்டுக்காரர் வேலை. சுவிட்சும் பூட்டும் குடியிருப்பவர், ஒயரிங் வீட்டுக்காரர். ஜன்னல் கொசுவலைக்குக்கூட இடம் இருக்கிறது. பூச்சி என்கிற சொல்லைக் காணோம். கரையான் இல்லை, எலி இல்லை, மூட்டைப்பூச்சி இல்லை. குடியிருக்கவே முடியாத நிலையில் வீடு இருந்து, எழுத்தில் கேட்டும் வீட்டுக்காரர் சரிசெய்ய மறுத்தால், பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் குடியிருப்பவர் வெளியேறலாம், அல்லது வாடகை அதிகாரியிடம் போகலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் மூட்டைப்பூச்சி நிறைந்த வீடு அந்தக் கணக்கில் வருமா, வராதா என்று யார் சொல்வது? அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் "உங்க சாமான்ல பாருங்க" என்கிறோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாடி, கீழ் இரண்டுக்கும் ஒரே நாளில் மருந்து அடிக்கச் செய்தேன், என் செலவில். ஒரு தளத்துக்கு மட்டும் அடித்தால் பூச்சி மற்றதற்கு மாறிக்கொள்ளும். நிறைய மருந்துகள் முட்டையைக் கொல்வதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் அது பொரித்துவிடும் என்பதால் பதினான்காம் நாள் மறுபடி அடித்தார்கள். இந்த இரண்டாவது தடவையை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்கிறார்கள். குடும்பத்தின் துணிமணி அத்தனையையும் என் வீட்டு அண்டாவில் கொதிக்கும் நீரில் முக்கி எடுத்து, காயவைத்து, பெரிய பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைத்தோம். வேலைக்கு வரும் அம்மா, அந்தப் பெண், நான், மூன்று பேரும் இரண்டு நாள் அதே வேலையாக இருந்தோம். இல்லாவிட்டால் அவர்கள் போகிற புது வீட்டுக்கும் பூச்சி கூடவே போயிருக்கும், அங்கேயும் ஒரு வீட்டுக்காரர் நான் சொன்னதையே சொல்லியிருப்பார்.

இவ்வளவு ஆன பிறகு இருந்துவிடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். "இல்லம்மா, பாப்பா அந்த ரூமுக்குள்ளயே போக மாட்டேங்குது" என்றார் அவர். அதற்கு மேல் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்ட அன்றைக்கே கரண்ட் பில் 1,140 ரூபாய் போக 73,860 ரூபாயை அவர் கணக்குக்கு அனுப்பினேன். வெள்ளையடிக்கவும் பிடிக்கவில்லை, முன்கூட்டிப் போனதற்கும் பிடிக்கவில்லை. இன்ன தேதியில் இன்ன காரணத்தால் இருவரும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டோம் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டோம். கிளம்பும்போது பாட்டி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் "வரோம்மா" என்றாள், முகத்தைப் பார்க்கவில்லை.

வீடு இரண்டரை மாதம் காலியாகக் கிடந்தது. 37,500 ரூபாய் போயிற்று, அந்த மாதங்களில் கையைக் கடித்தது உண்மைதான். பூட்டிப் போட்டால் பூச்சி பட்டினி கிடந்து செத்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது அது. அதனால் மறுபடியும் அந்த ஆளையே வரவழைத்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன், ஒன்றும் இல்லை. தச்சரை வைத்துக் கட்டிலைப் பிரித்து, இடுக்குகளை அடைத்து வார்னிஷ் அடித்து இப்போது கீழே என் அறையில் போட்டிருக்கிறேன். வீடு பார்க்க வந்தவர்களிடம் நடந்ததை மறைக்கவில்லை. இரண்டு குடும்பம் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனது. மூன்றாவதாக வந்தவர்கள் மருந்தடித்த ரசீதுகளை வாங்கிப் பார்த்துவிட்டு ஐப்பசியில் குடி வந்தார்கள். மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்கினேன். ஒப்பந்தத்தை அரசின் வாடகை இணையதளத்திலும் பதிவு செய்தாயிற்று.

தமிழக அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு என் வேண்டுகோள் இது. அந்த இரண்டாம் அட்டவணையில் பூச்சிக்கு ஒரு வரி சேருங்கள். கரையானும் எலி புகும் ஓட்டையும் கட்டடத்தைச் சேர்ந்தவை, அதை வீட்டுக்காரர் பெயரில் எழுதுங்கள். கரப்பான், எறும்பு போன்ற அன்றாடத் தொல்லையைக் குடியிருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். மூட்டைப்பூச்சிக்கு யார் காரணம் என்ற விசாரணை இல்லாமல் முதல் செலவை வீட்டுக்காரர் செய்ய வேண்டும் என்று வையுங்கள். என் போன்றவர்களுக்கு அது 4,000, 5,000 ரூபாய்ச் செலவு. நான் அதை முதல் வாரமே செய்திருந்தால் அந்தக் குடும்பம் இன்றைக்கும் மாடியில் இருந்திருக்கும்.

அரசு செய்கிற வரைக்கும் காத்திருக்காமல், இப்போதைய ஒப்பந்தத்தில் நான் சேர்த்திருக்கும் பகுதியைக் கீழே தருகிறேன். வேண்டுகிறவர்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

"வீட்டில் கரையான், எலி, மூட்டைப்பூச்சி தென்பட்டால் குடியிருப்பவர் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், போனில் அனுப்பும் செய்தியும் போதும். தெரிவித்த ஏழு நாளுக்குள் உரிமையாளர் தம் செலவில் உரிமம் பெற்ற ஆளை வைத்துச் சோதித்து மருந்தடிக்க வேண்டும். அதற்காக உள்ளே வர 24 மணி நேரம் முன்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை மருந்தடித்தும் தொல்லை தீராவிட்டால், குடியிருப்பவர் பதினைந்து நாள் அவகாசத்தில் எந்தப் பிடித்தமும் இல்லாமல் காலி செய்யலாம். மின் கட்டணம் போன்ற பாக்கி போக முழு முன்பணமும் சாவி கொடுக்கும் நாளில் திருப்பித் தரப்படும்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33